இரண்டரை மணித்தியாலத் தூரம்

என் நானா, என் ஒரே அண்ணன், சீஷெல்ஸ் தீவுக்குப் போய்ச் சேர்ந்து எழுதிய முதல் கடிதத்தில் எங்களை விசாரித்தது இரண்டு வரி, பிளேனைப் பற்றி எழுதியது இரண்டு பக்கம். கட்டுநாயக்காவில் காலை ஒன்பது மணிக்கு ஏறினாராம். பதினொன்றரைக்கு அங்கே இறங்கினாராம். ஒரு பக்கம் நெட்டுக்குத்தாக மலை, மறு பக்கம் கடல், நடுவில் கடலைத் தூர்த்துப் போட்ட ஓடுபாதை. சாப்பாட்டுத் தட்டில் மிளகுத் தூளைச் சின்னக் கடதாசிப் பையில் போட்டுத் தந்ததையும், அந்த மிளகு நம் ஊர் மிளகின் கால்தூசி பெறாது என்பதையும் எழுதியிருந்தார். மாத்தளைக்காரன் எங்கே போனாலும் முதலில் மிளகைத்தான் குறை சொல்வான்.

கடிதத்தை மடிக்க முன்னமே நான் மனசுக்குள் கழித்துவிட்டேன். பதினொன்றரையில் ஒன்பது போனால் இரண்டரை. மாத்தளையில் பஸ் ஏறினால் இரண்டரை மணித்தியாலத்தில் அனுராதபுரம்கூடப் போய்ச் சேர ஏலாது. "அவர் ஒண்டும் தூரத்தில இல்ல பெரியம்மா. யாழ்ப்பாணத்த விடக் கிட்ட" என்று சத்தம் போட்டுச் சொன்னேன். சந்தோஷத்தில் போட்ட சத்தம் இல்லை. பெரியம்மாவுக்கு ஒரு காது கேட்காது.

அது எழுபதுகளின் தொடக்கம். வாப்பா மௌத்தாகிப் பதினொரு வருஷம், உம்மா மௌத்தாகி ஆறு வருஷம். டவுனில் பள்ளிவாசலுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் எங்கள் வீடு. எனக்கு இருபத்தொன்பது வயது, பெண்பிள்ளைகள் ஸ்கூலில் கணக்கு டீச்சர். நானா என்னைவிட எட்டு வயது மூப்பு. எங்கள் இரண்டு பேருக்கும் கூடப்பிறந்தவர்கள் வேறு யாரும் இல்லை. துணைக்கு உம்மாவின் தாத்தா, எங்கள் பேச்சில் தாத்தா என்றால் அக்கா, அதுதான் என் பெரியம்மா, எங்களோடு வந்து இருந்தா. பலாபத்வலையில் இருந்த வாப்பாவின் தோட்டத்தில் கறுவாப்பட்டை உரித்து, இலை அவித்து, எண்ணெய் வடித்துப் பழகிய கை நானாவுடையது. அந்தத் தீவில் கறுவா காடாக மண்டிக் கிடக்கிறது, எண்ணெய் வடிக்கத் தெரிந்த ஆள் தேடுகிறார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு மூன்று வருஷ ஒப்பந்தத்தில் போனார். "தங்கச்சிய ஒருத்தர் கையில பிடிச்சுக் குடுத்துட்டுத்தான் எனக்கு எண்டு ஒரு வாழ்க்க" என்று சொல்லிச் சொல்லியே அவருக்கு முப்பத்தேழு வயதாகிவிட்டது. எனக்கு வந்த இடமெல்லாம் ஏதோ ஒன்றில் தட்டிப் போனது. பாதிக்குக் காரணம் என் வாய்.

அவர் போன பிறகு அந்த வீடு என்னைத் தின்றது. பெரியம்மா இஷா தொழுதால் படுக்கைதான். அதற்குப் பிறகு பேச ஆள் இல்லை. ஸ்கூல் விட்டு வந்து கதவைத் திறந்தால் காலையில் வைத்த கோப்பை வைத்த இடத்திலேயே இருக்கும். யாரும் அதை எடுக்கவில்லை, யாரும் திட்டவில்லை, யாரும் தட்டி உடைக்கவும் இல்லை. ஒரு வீட்டில் சண்டை பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நானாவின் சைக்கிளுக்கு மாதம் ஒரு தரம் காற்றடித்து வைப்பேன். ஓடுவதற்கு யார் இருக்கிறார்கள்? ஆனாலும் அடிப்பேன். வெள்ளிக்கிழமைகளில் பின்னேரம் நாலு மணிக்குத் தேத்தண்ணி குடிப்பது எங்கள் இரண்டு பேருடைய பழக்கம். அங்கேயும் நாலு மணிக்கு ஒரு கோப்பை ஊற்றிக் குடிக்கிறேன் என்று எழுதியிருந்தார். நான் மணி அடிக்கும்வரை பார்த்திருந்து, அவரோடு சேர்ந்து குடிப்பதாக நினைத்துக் குடிப்பேன். சில வெள்ளிக்கிழமைகளில் அழுகை வரும், அதையும் சேர்த்துக் குடிப்பேன்.

ஸ்கூல் சுவரில் ஒரு உலகப் படம் தொங்கியது. ஒரு நாள் பிள்ளைகள் போன பிறகு தையல் நூலை எடுத்து, இலங்கையிலிருந்து அந்தத் தீவு வரைக்கும் பிடித்து, கீழே இருந்த அளவில் வைத்துப் பார்த்தேன். ஆயிரத்தெண்ணூறு மைல் சொச்சம் வந்தது. அடுத்த நாள் ஐந்தாம் வகுப்புக்கு அதையே கணக்காகப் போட்டேன். ஆயிரத்தெண்ணூறு மைலை இரண்டரை மணித்தியாலத்தில் பறந்தால் மணிக்கு எத்தனை மைல்? எழுநூற்று இருபது என்று பிள்ளைகள் கொப்பியில் எழுதினார்கள். டீச்சருடைய நானா எழுநூற்று இருபது மைல் வேகத்தில் போன மனுஷன் என்று வீட்டிலும் போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

பக்கத்து வகுப்பு விஞ்ஞான டீச்சர் எல்கடுவத் தோட்டத்திலிருந்து படித்து வந்தவ. கரும்பலகையைப் பார்த்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னா. "எழுநூத்தி இருபதுன்னா ரொம்பக் கூடங்க. ஆளுங்க போற பிளேன் ஐந்நூறு மைல் கிட்டத்தான் போகும்னு வாசிச்சிருக்கேன். எங்கயோ இடிக்குது, ஒருக்கா பாருங்க டீச்சர்." என் வாய் சும்மா இருக்குமா. "அதில ஏறிப் போனவர் எழுதினத விட, வாசிச்சவங்களுக்குக் கூடத் தெரியுமோ?" என்று கேட்டேன். அவ சிரித்துவிட்டுப் போய்விட்டா. அந்தக் கணக்கில் பிழை இருப்பதை நான் விரும்பவில்லை, அதுதான் உண்மை. இரண்டரை மணித்தியாலம் என்பது எனக்கு ஒரு மருந்து மாதிரி இருந்தது. அதில் யாரும் கை வைக்கக் கூடாது.

நானா போய் இரண்டாம் வருஷம் அக்குறணையிலிருந்து ஒரு இடம் வந்தது. புடவைக் கடை வைத்திருந்தவர், முப்பத்தைந்து வயது, நிதானமான ஆள். பெண் பார்க்க வந்தபோது, "கணக்குப் படிப்பிக்கிறீங்களாம். என்ட கடைக்கும் ஒரு டீச்சர் தேவதான்" என்று சொல்லிவிட்டு அவரே வெட்கப்பட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியம்மா என் முகத்தைப் பார்த்தே மறுமொழி சொல்லி அனுப்பிவிட்டா.

எங்களுடைய நிக்காஹில் பெண் சபைக்கு வருவதில்லை. அவளுடைய வலீ, அதாவது வாப்பா, அவர் இல்லாவிட்டால் கூடப்பிறந்த ஆண், மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, இன்ன பெண்ணை உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு வசனம். மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்றால் முடிந்தது. வெளிநாட்டில் இருக்கிற வலீ இன்னொருவருக்குப் பொறுப்புக் கொடுத்து ஒரு கடிதம் அனுப்பினாலே போதும் என்று, நிக்காஹ் நடத்தி வைக்கிற எங்கள் ஊர்க் காழியார் சொன்னார். நான் அதை எழுதினேன். நானாவிடமிருந்து ஒரு மாதத்தில் பதில் வந்தது. "உன்னைக் கட்டிக் கொடுக்கிற வசனத்தை இன்னொருத்தன் வாயால் சொல்ல விடுவேன் என்று நினைத்தாயா? லீவு கேட்டிருக்கிறேன். நானே வந்து சொல்வேன். நான் வரும்வரை சாச்சாவை அந்தப் பக்கம் எடுக்கவே வேண்டாம்."

சாச்சா என்றது வாப்பாவின் தம்பியை. பலாபத்வலைத் தோட்டத்தின் வேலி விஷயத்தில் வாப்பாவோடு கோபித்து, வாப்பா மௌத்தான நாளில்கூட எங்கள் வாசல்படி மிதிக்காதவர். ஜனாஸாவைப் பள்ளிவாசலில் நின்று பார்த்துவிட்டு, பின் வாசலால் போய்விட்டார். நானா அதை மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை. எனக்கு என் நானா வந்து அந்த வசனத்தைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மற்றதெல்லாம், பந்தலும் புரியாணியும் வட்டிலப்பமும், எப்படிப் போனாலும் எனக்குக் கவலை இல்லை.

தந்தி வந்தது. சனிக்கிழமை காலை எட்டு மணிப் பிளேனில் வருகிறேன். ஏறும் நேரம் மட்டும்தான் இருந்தது. இறங்கும் நேரம் எனக்கு எதற்கு? நான் கணக்கு டீச்சர். ஒரு கடதாசியில் எழுதினேன். ஏறுவது எட்டு. பறப்பது இரண்டரை. இறங்குவது பத்தரை. சாமான் எடுத்து வெளியே வர ஒரு மணித்தியாலம், பதினொன்றரை. கண்டி வழியாகக் காரில் மூன்றரை மணித்தியாலம், வீடு வந்து சேர்வது மூன்று மணி. அஸர் தொழுகை முடித்து நாலரைக்கு நிக்காஹ். எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்றரை மணித்தியாலம் கையில் வைத்திருக்கிறேன் என்று பெரியம்மாவிடம் பெருமையும் அடித்தேன். கடதாசியை எல்லாருக்கும் தெரிய ஹாலில் கலண்டருக்குப் பக்கத்தில் குத்தி வைத்தேன். கார்க்காரரை விடியற்காலையிலேயே கட்டுநாயக்காவுக்கு அனுப்பினோம்.

மூன்று மணிக்கு நான் உடுத்தி முடித்திருந்தேன். ஒழுங்கையில் கார்ச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜன்னல் சீலையை விலக்கிப் பார்த்தேன். "பொண்ணு ஜன்னல்ல நிக்கிறது வடிவில்ல" என்று பெரியம்மா இழுத்து உட்கார வைத்தா. மூன்றரைக்கு, கடுகண்ணாவை ஏற்றத்தில் டயர் போயிருக்கும் என்றார்கள். நாலு மணிக்கு, அரிசி கொண்டு போகிறார்களா என்று ரோட்டில் வண்டிகளை மறித்துப் பார்க்கிற காலம், அதில் பிடித்து வைத்திருப்பார்கள் என்றார்கள். நாலரைக்கு அக்குறணையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பஸ் பிடித்து வந்து இறங்கிவிட்டார்கள். பந்தலில் சர்பத் கொடுத்தார்கள். ஐந்து மணிக்கு இரண்டாம் தரமும் கொடுத்தார்கள். போஸ்ட் ஒபிசுக்கு ஓடி கட்டுநாயக்காவுக்கு ஒரு கோல் எடுக்கலாம் என்றால் சனிக்கிழமை, பகலோடு பூட்டிவிட்டார்கள்.

அந்த நேரத்தில் பந்தலுக்குள் சாச்சா வந்து உட்கார்ந்தார். யார் சொல்லி அனுப்பினார்கள் என்று இன்றைக்கும் தெரியாது. வெள்ளைச் சட்டையும் தொப்பியும் போட்டு, தானாக வந்த ஆள் மாதிரி வந்தார். பெரியம்மா ஓடி வந்து என் காதில் சொன்னா.

ஐந்தேகாலுக்கு மாப்பிள்ளையின் உம்மா உள்ளே வந்தா. கோபமாக வரவில்லை, அதுதான் கஷ்டம். "மகள், பொழுது பட்டு மஃரிப் ஆக முந்தி முடிச்சாத்தான் நாங்க பஸ்ஸத் திருப்பி அனுப்ப ஏலும். சின்னப் பிள்ளைகளும் வந்திருக்காங்க. இண்டைக்கு இல்லாட்டி இன்னொரு நாள் வைங்க, நாங்க போறோம்." இன்னொரு நாள் என்று சொல்லிப் போன கல்யாணங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். திரும்பி வந்ததை நான் காணவில்லை.

திரைக்கு அந்தப் பக்கம் காழியாரின் குரல் கேட்டது. "வலீ ரெண்டு மர்ஹலாவுக்கு அங்கால பயணத்தில இருந்தா பொறுப்பு காழிட கைக்கு வரும். ரெண்டு மர்ஹலா எண்டா அந்தக் காலத்து ஒட்டகத்தில ரெண்டு நாள் பயணம், அம்பது மைல் கிட்ட. கட்டுநாயக்காவே அதுக்கு மேல. அம்பது மைலுக்கு அங்கால போனா நூறும் ஒண்டுதான், ஆயிரத்தெண்ணூறும் ஒண்டுதான். நான் பொறுப்பெடுத்து, அவங்கட சாச்சாவ முன்னுக்கு வெச்சு நடத்துறேன். பொண்ணு சம்மதம் எண்டு சொல்லட்டும்."

ஐந்தரை மணி. நான் ஹால் பக்கத்துக் கதவு இடுக்கால் என் கடதாசியைப் பார்த்தேன். மூன்று மணி என்று நானே எழுதியது. இரண்டரை மணித்தியாலம் தாண்டிவிட்டது. டயர் போனாலும் இவ்வளவு நேரம் போகாது. அப்போது என் மண்டையில் ஒன்று வந்து ஏறியது. நானா பிளேனில் ஏறவே இல்லை. லீவு கிடைத்திருக்காது, இல்லாவிட்டால் கடைசி நேரத்தில் மனசு மாறியிருப்பார். கணக்குப்படி வேறு மாதிரி இருக்கவே முடியாது. ஏறியிருந்தால் வந்திருப்பார். ஏறாத ஆளுக்காக அந்தக் கார்க்காரன் கட்டுநாயக்காவில் காத்துக் கிடக்கிறான், நான் இங்கே காத்துக் கிடக்கிறேன்.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. உலகத்தில் எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆள், அந்த ஆளும் என்னைச் சபையில் கைவிட்டுவிட்டார் என்று நினைத்தேன். தந்தி அடிக்கத் தெரிந்தவருக்கு வரத் தெரியாதா? பெரியம்மா என் கையைப் பிடித்தா. "மஃரிப் பாங்கு மட்டும் பொறுப்போம் புள்ள. நானா வருவார்." நான் கையை இழுத்துக்கொண்டேன். "வராத ஆளுக்கு நான் ஏன் பொறுக்கணும்?" சாட்சிக்காரர் இரண்டு பேர் திரைக்கு வெளியே நின்று சம்மதமா என்று கேட்டார்கள். வழக்கமாகப் பெண்கள் மூன்று தரம் கேட்டபிறகு வாய்க்குள் முணுமுணுப்பார்கள். நான் முதல் தரமே, பந்தல்வரை கேட்கும்படி, "சம்மதம்" என்றேன். சாச்சா அந்த வசனத்தைச் சொன்னது எனக்கும் கேட்டது. தொண்டையைச் செருமிவிட்டுச் சொன்னார்.

நானா வந்தது மஃரிப் தொழுதுவிட்டு ஆட்கள் சாப்பிட உட்கார்ந்த நேரம். நிக்காஹ் முடிந்து முக்கால் மணித்தியாலம்கூட இருக்காது. ஒழுங்கை முனையில் கார் நிற்க, பெட்டியைக்கூட எடுக்காமல் ஓடி வந்திருக்கிறார். நான் உள்ளே இருந்து பார்க்கிறேன். கறுத்து, மெலிந்து, புதுச் சேர்ட் போட்டு, பந்தல் வாசலில் நின்றார். சாப்பிடுகிறவர்களைப் பார்த்தார். மாப்பிள்ளையோடு ஒரே சஹனில், எல்லாரும் சுற்றியிருந்து சாப்பிடுகிற பெரிய தட்டில், கை வைத்துக்கொண்டிருந்த சாச்சாவைப் பார்த்தார். யாரும் ஒன்றும் சொல்லத் தேவை இருக்கவில்லை.

ஹாலுக்குள் வந்தார். பெரியம்மா அழுதுகொண்டே, "ஏன் மகன் இவ்வளவு நேரம், எங்க போய்க் கிடந்தீங்க" என்றா. நானா பதில் சொல்ல வாயைத் திறந்தார். அப்போதுதான் கலண்டருக்குப் பக்கத்தில் இருந்த கடதாசி அவர் கண்ணில் பட்டது. எட்டு, பத்தரை, பதினொன்றரை, மூன்று. மேலிருந்து கீழே வாசித்தார். திரும்பவும் வாசித்தார். பிறகு கதவில் நின்ற என்னைப் பார்த்தார். அதைக் கழற்றி, நாலாக மடித்து, சேர்ட் பொக்கற்றில் போட்டார். ஹாலில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி, "பிளேன் லேட்டு. நாங்க என்ன செய்யிறது, பிளேன் லேட்டாகிட்டுது" என்றார். பிறகு பந்தலுக்குப் போய், மாப்பிள்ளைக்கு ஸலாம் கொடுத்து, கட்டிப் பிடித்து, அதே சஹனில் சாச்சாவுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். என்னால் பார்க்க முடியவில்லை.

அதற்குப் பிறகு பத்து நாள் வீட்டில் இருந்தார். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருக்கிறவர். அதனால் வீடு நிறைய ஆள். நான் இரண்டு வருஷமாக ஏங்கினது அதற்குத்தான். ஆனால் நானாவோடு தனியே நாலு வார்த்தை பேச முடியவில்லை. நான் அறைக்குள் வந்தால் அவருக்கு வெளியே ஒரு வேலை வந்துவிடும். கோபம் காட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. அதைவிட இரண்டு அறை அறைந்திருக்கலாம். அக்குறணையிலிருந்து வந்தவர்களிடமெல்லாம் பிளேன் லேட்டான கதையை அவரே சொன்னார். சொல்லச் சொல்ல அந்தக் கதைக்கு மழையும் இஞ்சின் கோளாறும் சேர்ந்தது. அவர் ஊருக்கு வந்தது அந்த ஒரு தடவைதான். பிறகு அந்தத் தீவிலேயே ஒரு பெண்ணை முடித்து, அங்கேயே இருந்து, அங்கேயே மௌத்தானார்.

திரும்பிப் போகிற நாள் நானும் வருவேன் என்று பிடிவாதமாக நின்று, மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கட்டுநாயக்காவுக்குப் போனேன். எனக்கு அதுதான் முதல் தடவை. ஒன்பது மணிப் பிளேன். என் மாப்பிள்ளை பெட்டியைக் கொடுக்கப் போன நேரம் நானும் நானாவும் ஒரு பெஞ்சில் தனியே இருந்தோம். நான்தான் தொடங்கினேன். "நீங்க வரல்ல எண்டு நினச்சுத்தான் நான் சம்மதம் சொன்னேன் நானா."

"தெரியும்" என்றார்.

பிறகு, என்னைப் பார்க்காமல், கையில் இருந்த பாஸ்போர்ட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வரக்குள்ள பிளேன்ல முழுக்க அந்த வசனத்தத்தான் சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டு வந்தேன். சபையில தடுமாறிடக் கூடாதே. பக்கத்தில இருந்த வெள்ளக்காரன், நீங்க பயத்தில ஓதுறீங்களா எண்டு கேட்டான். இல்ல, தங்கச்சிக்குக் கல்யாணம் எண்டேன்." கொஞ்சம் சிரித்தார். "கார்லயும் சொல்லிக்கிட்டுத்தான் வந்தேன். இப்பயும் வாய்க்குள்ள வருது. நிப்பாட்டத் தெரியல்ல."

அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். என் தலையில் கை வைத்தார், மாப்பிள்ளைக்கு ஸலாம் சொன்னார், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

மாப்பிள்ளை தேத்தண்ணி வாங்கப் போனார். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது எனக்கு. அந்தச் சனிக்கிழமை பிளேனை லேட்டாக்கினவனை ஒரு கேள்வியாவது கேட்காமல் வீட்டுக்குத் திரும்ப மனசு வரவில்லை. அங்கே மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு ஆபிசரிடம் நேரே போனேன். சிங்களத்தில்தான் கேட்டேன். போன கிழமைக்கு முந்தின சனிக்கிழமை சீஷெல்ஸ் பிளேனை எதற்காக லேட்டாக்கினீர்கள், அதனால் ஒரு குடும்பத்துக்கு என்ன நடந்தது தெரியுமா என்று கேட்டேன்.

அவர் பொறுமையான மனுஷன். ஒரு பெரிய புத்தகத்தைத் திறந்து விரலை ஓட்டிப் பார்த்தார். "லேட்டாகல்லையே மிஸ். ஒண்டரைக்கு வர வேண்டியது, ஒண்டரைக்கு வந்திருக்கு."

"எட்டு மணிக்கு வெளிக்கிட்ட பிளேன் எப்பிடி ஒண்டரைக்கு வரும்? ரெண்டரை மணித்தியாலந்தானே தூரம்?"

"நாலு மணித்தியாலம் மிஸ். போறதும் நாலு, வாறதும் நாலு. அவங்கட மணி எங்கட மணிக்கு ஒண்டரை மணித்தியாலம் பின்னுக்கு. அங்க எட்டு எண்டா இங்க ஒம்பதரை." ஒரு கடதாசித் துண்டை எடுத்து எனக்கு எழுதிக் காட்டப் போனார். வேண்டாம் என்றேன். அதற்குள் நானே போட்டுவிட்டேன். ஒன்பதரை, நாலு, ஒன்றரை. வெளியே வர ஒரு மணித்தியாலம், இரண்டரை. ரோட்டில் மூன்றரை, ஆறு மணி. கண்டியில் கொஞ்சம் நெரிசல் என்றால் ஆறேகால், ஆறரை. நானா ஒரு நிமிஷம்கூடப் பிந்தவில்லை.

லண்டனுக்கு வேறு நேரம் என்று ரேடியோவில் கேட்டவள்தான் நான். நெடுங்கோட்டுக் கணக்கை ட்ரெயினிங் கொலேஜில் படித்துப் பாஸும் பண்ணினேன். அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊருக்கு, எங்கள் கடலில் கிடக்கிற ஒரு சின்னத் தீவுக்கு எதற்குத் தனி மணி என்று இருந்துவிட்டேன். எல்கடுவ டீச்சர் எழுநூற்று இருபது இடிக்குது என்று சொன்னபோதாவது ஒரு தரம் திரும்பிப் போட்டுப் பார்த்திருக்கலாம். பெரியம்மா மஃரிப் வரை பொறு என்று சொன்னபோதாவது பொறுத்திருக்கலாம். முக்கால் மணித்தியாலம். நானா அன்றைக்கு ஹாலில் அந்தக் கடதாசியை இரண்டு தரம் வாசித்ததும் எல்லாம் விளங்கியிருக்கிறது. புது மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் கணக்கு டீச்சர் தலைகுனிந்து நிற்கக் கூடாது என்றுதான் அதை மடித்துப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு பிளேன்மேல் பழியைப் போட்டிருக்கிறார். பத்து நாளும் அதையே ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறார். நான் அவரைப் பார்த்து, நீங்க வரல்ல எண்டு நினச்சேன் என்று சொன்னேன். தெரியும் என்றார்.

கண்ணாடிக் கதவுக்கு ஓடினேன். அங்கே நின்ற காவல்காரர் விடவில்லை. என் நானா என்றேன். எல்லாரும் ஏறியாச்சு என்றார். வெளியே பெரிய சத்தம் கேட்டது, பிறகு குறைந்தது.

மாப்பிள்ளை இரண்டு கையிலும் கோப்பையோடு வந்தார். நான் ஆபிசரோடு பேசினதைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். "என்ன கேட்டீங்க அவர்ட்ட?"

"அந்தச் சனிக்கிழம பிளேனப் பத்தி."

"என்ன சொல்றாரு?"

சொல்லியிருக்கலாம். நல்ல மனுஷன் அவர், ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு விட்டிருப்பார். ஆனால் நானா எனக்காகச் சொன்ன ஒன்றை, அவர் இன்னும் கடலுக்கு மேலே போய்க்கொண்டிருக்கும்போதே நான் பொய்யாக்குவதா? கல்யாணத்தில் அவர் சொல்ல வந்ததைச் சொல்ல விடவில்லை. சொன்னதையாவது நிற்க விட வேண்டும்.

"லேட்டுத்தானாம்" என்றேன்.

"நான் அண்டைக்கே சொன்னேன், உங்கட நானா மேல ஒரு பிழையும் இல்ல எண்டு" என்று சொல்லி, ஒரு கோப்பையை என் கையில் தந்தார். ஓம், ஒரு பிழையும் இல்லை என்றேன். இன்றுவரை அவருக்கு நான் வேறு ஒன்றும் சொல்லவில்லை.